தேவகோட்டையில் புது வீடு: எந்த அறைக்கு எந்தத் தரை?

தேவகோட்டை வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டையில் எங்கள் பங்குக்கு வந்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழ்த்தளம் மட்டும், சுமார் 1,400 சதுரடி. கூரை போட்டாகிவிட்டது, உள்பூச்சு நடக்கிறது. அடுத்தது தரை. இங்கேதான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் 12க்கு 5 அடியில் ஒரு திண்ணை. உள்ளே நுழைந்தால் பழைய வளவை (செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதி) நினைத்து வைத்த நடுக்கூடம், 18க்கு 16. அதன் ஓரத்தில் மேலே திறந்த சிறு முற்றம். இரண்டு படுக்கையறை, 6க்கு 7இல் சாமி அறை, அடுப்படி, அதற்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கவும் மாவாட்டவும் ஓர் இடம், இரண்டு குளியலறை.

என் மனைவிக்கு வீடு முழுக்க ஒரே நிறத்தில், பளபளப்பான பெரிய விட்ரிஃபைட் டைல்ஸ் வேண்டும். துடைப்பது எளிது, சென்னையில் இருக்கிற வீட்டில் அதுதான், பழகிவிட்டது. ஆத்தாவுக்கு வயது 72, ஒரு கால் முட்டியில் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. வீட்டில் எல்லா நாளும் இருக்கப்போவது அவர்தான். அவர் கேட்பது ஆத்தங்குடி கல், அதாவது ஆத்தங்குடி ஊரில் கையால் செய்கிற வண்ணச் சிமெண்ட் தரைக்கல், அதுவும் எல்லா இடத்திலும். "சித்திரை வெயிலில் வெறுந்தரையில் படுத்தால் முதுகு குளிர வேண்டும்" என்கிறார். ஒப்பந்தக்காரர் ஆத்தங்குடி கல் என்றாலே முகம் சுளிக்கிறார். கறை பிடிக்கும், மங்கிப்போகும், பதிக்க ஆளில்லை, ஒரே டைல்ஸ் என்றால் சீக்கிரம் முடித்துத் தருவேன் என்று சொல்கிறார்.

இன்னொன்று. பெரிய வீட்டில் எங்கள் பகுதியைப் பிரித்தபோது ஐயா காலத்துப் பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) 200 வரை முழுசாகப் பெயர்த்தெடுத்துச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம். 8க்கு 8 அங்குலம். அதைப் பயன்படுத்த முடியுமா? எந்த அறைக்கு எதைப் போடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


கானாடுகாத்தான் பேரன் எழுதியது:

எங்கள் பழைய வீட்டில் பட்டாலை, அதாவது கூடம், முழுக்க இத்தாலிப் பளிங்கு. குளிர்ச்சிக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கல்யாணப் பந்திக்கு இலை போட்ட வரிசை முழுக்க ரசமும் எலுமிச்சையும் பட்ட இடங்கள் இன்றைக்கும் மங்கலாகத் தெரியும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை, புளிப்பு பட்டுக் கல்லின் மேற்பரப்பே அரித்த இடம். பளிங்கு, கடப்பாக் கல், கோட்டாக் கல் மூன்றும் சுண்ணாம்புக் குடும்பம்தான், புளிப்பைத் தாங்காது. சாப்பிடும் இடத்துக்குப் பளிங்கு என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.


கோட்டையூர் கொத்தனார் எழுதியது:

தம்பி, இன்னும் கடைக்குப் போகவில்லை என்றால் நல்லது. முதலில் ஒரு தாளில் வீட்டை வரைந்து, ஒவ்வொரு அறையிலும் தரையில் என்ன சிந்தும், தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும், எதை இழுப்பீர்கள், யார் வெறுங்காலோடு நடப்பார்கள் என்று எழுதுங்கள். எழுதி முடிக்கும்போதே பாதி அறைக்குக் கல் முடிவாகிவிடும். நிறமும் பூவும் அதற்கப்புறம் பார்க்கலாம். நான் கல் பதித்துப் பிழைக்கிறவன். வீடு முழுக்க ஒரே கல் என்று முடிவெடுத்த வீடுகளில் ஏதோ ஓர் அறையில் கட்டாயம் சங்கடம் வருகிறது, அது பளபள டைல்ஸாக இருந்தாலும் சரி, ஆத்தங்குடிக் கல்லாக இருந்தாலும் சரி.

உங்கள் ஆத்தா கேட்பதில் முக்கால்வாசி நியாயம். நடுக்கூடம், இரண்டு படுக்கையறை, சாமி அறை, இந்த நான்குக்கும் ஆத்தங்குடிக் கல் போடுங்கள், அடுப்படிக்கு வேண்டாம். காரணம் கல்லைச் செய்கிற விதத்திலேயே இருக்கிறது. அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகைமேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிமெண்ட்டில் கரைத்த வண்ணத்தை ஒவ்வொரு கண்ணறையிலும் ஊற்றுவார்கள். அச்சை எடுத்தபின் மேலே காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அழுத்தி நிரப்புவார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடந்து, காயும்போது கண்ணாடி தானாக விட்டுவிடும். மேலே தெரிகிற பளபளப்பு கண்ணாடியிலிருந்து வாங்கியது. அதனால் இந்தக் கல்லுக்கு பாலீஷ் மெஷின் கூடாது. வண்ணம் மேலே சில மில்லிமீட்டர்தான், மெஷின் ஓட்டினால் பூ தேய்ந்துபோகும். மொசைக் போட்டுப் பழகிய ஆட்கள் பதித்து முடித்ததும் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கறை பிடிக்கும் என்று உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்வது பொய் இல்லை. சிமெண்ட் கல் லேசாகத் தண்ணீரை உறிஞ்சும், புளிப்பு பட்டால் அரிக்கும். எண்ணெய் சொட்டிக் கிடந்தால் உள்ளே இறங்கும். ஆனால் கூடத்திலும் படுக்கையறையிலும் புளியும் எண்ணெயும் எத்தனை முறை சிந்தப்போகிறது? மங்கிப்போகும் என்பது எனக்கு ஒப்புதல் இல்லை. கூரைக்குக் கீழே இருக்கிற கல், நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகேறும். செட்டிநாட்டில் பாட்டன் காலத்துத் தரை இன்னும் முகம் தெரிகிற மாதிரி இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மங்கிப்போன தரைகளில் நான் கண்டது பெரும்பாலும் ஒரே காரணம், வேலை முடிந்த கடைசி நாளில் யாரோ ஆசிட் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். டைல்ஸ்மேல் காய்ந்த சிமெண்ட்டை எடுக்க ஆசிட் போடுவது பல ஆட்களுக்குக் கைப்பழக்கம். ஆத்தங்குடிக் கல்லில் அதைச் செய்தால் மேல்தோல் உரிந்து சொரசொரப்பாகிவிடும், அதற்குப் பிறகு எதை ஊற்றினாலும் பழைய முகம் திரும்பாது. ஆசிட் பாட்டில் உங்கள் மனைக்குள்ளேயே வரக்கூடாது என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

பதிக்கிற வேலையைப் பற்றி. கண்ணாடிவேலை, மின்வேலை, சுவருக்கு முதல் பூச்சு எல்லாம் முடிந்தபின் கடைசியாகத்தான் இந்தக் கல் இறங்க வேண்டும். தரைக்கடியில் மண்ணை நன்றாகத் தண்ணீர் விட்டு இறுக்கி, கரையான் மருந்து அடித்து, கான்கிரீட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடியிலிருந்து ஓதம் ஏறினால் சிமெண்ட் கல் வழியாக அது வெளியே வரும், கூடவே உப்பும் வெள்ளையாகப் பூக்கும். பதித்த புதிதில் கொஞ்சம் பூப்பது வழக்கம், வெறும் தண்ணீரில் துடைத்தால் நாளாவட்டத்தில் நின்றுவிடும். நிற்காமல் பூத்துக்கொண்டே இருந்தால் குற்றம் கல்லில் இல்லை, அடியில் இருக்கிறது.

கல்லின் முதுகை நனைத்துவிட்டுப் பதிக்க வேண்டும். காய்ந்த கல் கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டால் பிடிப்பு இருக்காது. தட்டுவது ரப்பர் சுத்தியலில் அல்லது மரக்கட்டையில், அதுவும் நடுவில், ஓரத்தில் தட்டினால் மூலை உடையும். கல்லுக்குக் கல் இடைவெளி மிக மெல்லியதாக இருக்கட்டும். சந்தில் வண்ணம் கலந்த வெள்ளை சிமெண்ட் இட்ட உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து துடைக்கலாம் என்றால் படிந்துவிடும். பதித்தபின் ஆறவிட்டு, தேங்காய் எண்ணெயைத் துணியில் லேசாகத் தொட்டு ஒருதரம் துடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்புறம் தினமும் வெறும் தண்ணீர் போதும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கிற ஒன்றைச் சொல்கிறேன், மட்டம். ஆத்தங்குடிக் கல் முக்கால் அங்குலம் கனம் இருக்கும், சில பட்டறையில் இன்னும் கொஞ்சம் கூட. விட்ரிஃபைட் அதில் பாதிதான் இருக்கும். அடுப்படிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று என்று இரண்டு கல் போடுகிறீர்கள் என்றால், மேல்மட்டம் ஒன்றாக வரும்படி அடிக்கான்கிரீட்டிலேயே வித்தியாசம் வைக்க வேண்டும். அதை இப்போதே, பூச்சு நடக்கும்போதே சுவரில் மட்டக்கோடு அடித்துத் தீர்மானியுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு நிலைவாசலிலும் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று தடுக்கும். முட்டி அறுவைச் சிகிச்சை ஆனவர் காலைத் தூக்கி வைக்க மாட்டார், இழுத்துத்தான் நடப்பார். கதவுகளும் தரைக்கு இடிக்கும், அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு அடியைச் சீவச் சொல்வீர்கள்.

அதே காரணத்துக்காகத்தான் பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸை அம்மா நடக்கிற எந்த இடத்திலும் வேண்டாம் என்கிறேன். காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது. துடைத்த ஈரத்தில், ஒரு சொம்புத் தண்ணீர் சிந்திய இடத்தில், கால் பிடிக்காது. அதன்மேல் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசும்போது தண்ணீர் கிடப்பதே வயதானவர்களுக்குத் தெரியாது.

நடுக்கூடத்துக்கு ஒரு யோசனை. நான்கு பக்கமும் பூ பார்டர் ஓட்டிவிட்டு, நடுவில் ஒரு சதுரத்தைப் பூவில்லாத சிவப்புக் கல்லாக விட்டுவிடுங்கள். விசேஷத்துக்கு நடுவீட்டுக் கோலம் போட வேண்டி வரும். பூக்கல்மேல் கோலம் போட்டால் கோலமும் தெரியாது, கல்லும் தெரியாது. விட்ரிஃபைட்மேல் அரிசிமாக் கோலம் ஒட்டாது, காய்ந்ததும் தூளாக எழும்பும். சிவப்புச் சிமெண்ட் கல்லில் போட்டுப் பாருங்கள், அதன் வெள்ளை வேறு மாதிரி நிற்கும்.

ஐயா காலத்துக் கல்லைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். 8 அங்குலக் கல் என்றால் 100 சதுரடிக்கு 225 வேண்டும், ஆக 200 கல் 90 சதுரடிக்குச் சற்றுக் குறைவாக வரும். அடியில் ஒட்டியிருக்கிற பழைய சுண்ணாம்பைச் செதுக்கும்போது சில உடையும், ஓரம் பெயர்ந்தவற்றையும் கழிக்க வேண்டும். உங்கள் சாமி அறை 42 சதுரடி, அதற்கு 95 கல் போதும். சாமி அறைக்கு அதையே போடுங்கள். மிச்சத்தை அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். புதுக் கல்லோடு கலந்து ஒரே அறையில் போட வேண்டாம், கனமும் நிறமும் ஒத்துவராது.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

கொத்தனார் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அடுப்படியையும் குளியலறையையும் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைத் தேய்த்துக் கழுவுகிறவள் நான்.

அடுப்படிக்கு விட்ரிஃபைட் போடுங்கள், ஆனால் பளபளப்பில்லாத மேட் பினிஷ். உங்கள் மனைவி கேட்கிற துடைக்கும் வசதி அதிலும் உண்டு. அது எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, அதனால் எண்ணெயும் குழம்பும் மேலேயே நிற்கும். கறை பிடிப்பது கல்லில் இல்லை, சந்தில். மஞ்சள் தூள் ஒருமுறை விழுந்தால் வெள்ளைச் சந்து ஆயுசுக்கும் மஞ்சள்தான். அதனால் சந்துக்குக் கறை இறங்காத எபாக்சிப் பிசின் கலவை வையுங்கள், நிறமும் சாம்பலோ காப்பிப்பொடி நிறமோ இருக்கட்டும். எபாக்சி விலை கூடத்தான், ஆனால் அடுப்படியும் குளியலறையும் சேர்ந்து எவ்வளவு சந்து வரப்போகிறது? மிச்சப்படுத்துகிற இடம் அது இல்லை.

டைல்ஸ் கடையில் ஒரு விஷயம் கவனியுங்கள். சுவருக்கு உள்ள செராமிக் டைல்ஸ் அழகாகவும் மலிவாகவும் இருக்கும். அதைத் தரைக்கும் போடலாம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சுவர் டைல்ஸ் நிறையத் தண்ணீர் குடிக்கும், பலமும் குறைவு. பித்தளைக் குடம் ஒன்று கை நழுவினால் போதும். பெட்டியின்மேல் தரைக்கா சுவருக்கா என்று அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் ஒரு சாயல் மாறும்.

பின்கட்டில் மாவாட்டும் இடம், பாத்திரம் தேய்க்கும் இடம் என்றீர்களே, அங்கே டைல்ஸே வேண்டாம். அண்டாவை இழுப்போம், உலக்கை விழும், ஆட்டுக்கல்லை நகர்த்துவோம். சொரசொரப்பான கிரானைட் பலகை போடுங்கள். பெரிய வீடுகளில் மூன்றாம் கட்டில் கருங்கல் போட்டார்கள் என்றால் காரணம் அதுதான்.

குளியலறைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி ஆண்டி ஸ்கிட், அதாவது வழுக்காத டைல்ஸ். பெரிய கல் போட்டால் நான்கு பக்கத்திலிருந்தும் வடிகாலை நோக்கி வாட்டம் கொடுக்க முடியாது, எங்காவது ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி வழுக்கும். சிறிய கல்லை ஒவ்வொன்றாகச் சாய்த்துக் கொண்டுவரலாம். கடையில் ஆர் 10, ஆர் 11 என்று வழுக்காத தன்மைக்கு எண் சொல்வார்கள், எண் கூடக்கூடப் பிடிப்பு அதிகம். வயதானவருக்கு ஆர் 11 கேளுங்கள். ரொம்ப முரடாக இருப்பதை எடுத்துவிடாதீர்கள், அழுக்கு அடைந்து தேய்த்துத் தேய்த்து இடுப்பு போய்விடும். தரையின் நிறம் சுவரின் நிறத்தோடு ஒன்றாக இருக்கக்கூடாது. பார்வை மங்கியவர்களுக்குத் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

தம்பி, கைப்பிடிக் கம்பியும் சுவரில் இப்போதே வைத்துவிடுங்கள். டைல்ஸ் ஒட்டியபின் துளை போட்டால் கீறல் விழலாம்.


கண்டனூர்க்காரன் எழுதியது:

அடுப்படிக்கு ஆத்தங்குடி கூடாது என்று ஒரேயடியாகச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் அடுப்படியிலும் அதுதான் போட்டிருக்கிறோம். உள்ளே இறங்குகிற சீலர் (கறை இறங்காமல் தடுக்கிற பூச்சு) அடித்தோம், சிந்தினால் உடனே துடைக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. அடுப்படிக்குள் நுழையும்போது தரை மாறாமல் ஒரே விரிப்பாகப் போவது பார்க்க அவ்வளவு லட்சணம். அடர்ந்த நிறமாக எடுத்தால் கறையும் தெரியாது.


கோட்டையூர் கொத்தனார் எழுதியது:

கண்டனூர் அண்ணே, நீங்கள் சொல்வது உங்கள் வீட்டுக்குச் சரி, உடனே துடைக்கிற ஆள் இருக்கிறார்கள். சீலர் எண்ணெய் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் புளிப்பு அரிப்பதைச் சீலர் தடுக்காது. புளித்த மோர், எலுமிச்சை, புளித்தண்ணீர் எது விழுந்தாலும் இடம் மங்கும். இவர் வீட்டில் 72 வயது அம்மா தனியாகச் சமைப்பார். சிந்தியதும் குனிந்து துடைக்க முட்டி விடாது. அந்த அம்மாவை வைத்துத்தான் நான் வேண்டாம் என்றேன்.

சீலர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மேலே தோலாகப் படிகிற வார்னிஷ் மாதிரிச் சரக்கு வேண்டாம். அடியிலிருந்து வருகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் தோல் வெளுத்து உரியும். உள்ளே இறங்குகிற வகை என்றாலும், கல் முழுக்கக் காய்ந்து உப்புப் பூப்பது நின்றபின் அடிக்க வேண்டும்.

ஆச்சி சொன்ன குளியலறைக்கு அளவு சொல்லிவிடுகிறேன். வாட்டம் 4 அடிக்கு அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை. அதற்கு மேல் ரொம்பச் சாய்க்க வேண்டாம். குளியலறைத் தரை வெளித்தரையைவிட அரை அங்குலம் கீழே இருந்தால் போதும், வாசலில் தடுப்புக் கல் நிறுத்த வேண்டாம். அந்த அரை அங்குலத்தையும் வெட்டென்று விடாமல் சாய்வாகச் செதுக்கச் சொல்லுங்கள்.


தேவகோட்டை வீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இதை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் சிவப்புச் சதுரம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார், அடுப்படிக்கு வேறு கல் என்பதையும் மறுப்பில்லாமல் ஒத்துக்கொண்டார். என் மனைவி அடுப்படியிலும் குளியலறையிலும் தன் விருப்பப்படி டைல்ஸ் எடுக்கலாம் என்பதால் அவளுக்கும் சம்மதம். ஒப்பந்தக்காரரிடம் மட்டக்கோடு பற்றிப் பேசிவிட்டேன்.

இன்னும் மூன்று கேள்வி. திண்ணைக்கும் திறந்த முற்றத்துக்கும் என்ன போடுவது? ஆத்தங்குடியில் எத்தனை கல் சொல்ல வேண்டும்? காவித் தரை, அதாவது சிவப்பு ஆக்சைடு தரை, படுக்கையறைக்குச் செலவு குறைவு என்று ஒருவர் சொன்னார், அது எப்படி?


கோட்டையூர் கொத்தனார் எழுதியது:

முற்றத்துக்குக் கருங்கல், கொத்திய முகத்தோடு. வெயிலும் மழையும் நேரே விழுகிற இடத்தில் பூக்கல் வைத்தால் நிறமும் வெளுக்கும், ஐப்பசி மழையில் பாசியும் பிடிக்கும். முற்றத்தின் விளிம்பில் நடுக்கூடம் இறங்குகிற இடத்தில் ஒரு வரிசை மட்டும் வேறு நிறக் கல் ஓட்டுங்கள். பூ வேலை நிறைந்த தரையில் படி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தப்பிவிடும், அம்மாவுக்கு அந்த விளிம்பு தூரத்திலேயே தெரிய வேண்டும்.

திண்ணைக்கு மேலே கூரை இருக்கிறது, ஆனால் சாரல் அடிக்கும். உட்காருகிற மேல்பரப்புக்கு ஐயா காலத்துக் கல்லில் மிஞ்சியது வரை சுவர் ஓரமாகப் பதியுங்கள், வெளி விளிம்பு ஒரு அடிக்குக் கிரானைட் பலகை வரட்டும். சாரலை அது வாங்கிக்கொள்ளும்.

கணக்கு இதுதான். 10 அங்குலக் கல் 100 சதுரடிக்கு 144. நடுக்கூடம் 288 சதுரடி, 415 கல். உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 440 சொல்லுங்கள். படுக்கையறை அளவுகளை இதே விகிதத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புக் கல், பூக்கல், பார்டர், மூலைக்கல் நான்கையும் தனித்தனியாக எண்ணிச் சொல்ல வேண்டும். மூலைக்கல் ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும். கையால் செய்கிற கல், வண்ணம் ஒவ்வொரு கலவைக்கும் கொஞ்சம் மாறும், ஆகவே ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில் செய்யச் சொல்லுங்கள். பட்டறைக்கு நேரே போய், காய்ந்த கல் இரண்டைத் தண்ணீர் தெளித்துப் பார்த்து நிறம் முடிவு செய்யுங்கள், ஈரத்தில் தெரிகிற நிறம்தான் பின்னால் மெருகேறியபின் தெரியப்போகும் நிறத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். ஒரு கல் இரண்டரைக் கிலோ வரை இருக்கும், 440 கல் என்றால் ஒரு டன்னுக்கு மேல். லாரியிலிருந்து இறக்கும்போது படுக்கவைத்து அடுக்கவிடாதீர்கள், முகத்துக்கு முகம் பார்க்க நிறுத்திச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். மிஞ்சுகிற கல்லை விற்காமல் பரணில் போட்டுவையுங்கள், பத்து வருடம் கழித்து ஒரு கல் மாற்ற வேண்டி வந்தால் அந்த நிறம் எங்கும் கிடைக்காது.

காவித் தரை எனக்கு மிகவும் பிடித்த தரை. குளிர்ச்சி, சந்தே இல்லாத ஒரே விரிப்பு, செலவும் குறைவு. ஆனால் அது முழுக்க ஆளின் கையில் இருக்கிறது. கலவை இறுகுகிற நேரம் பார்த்து, கரண்டியை அழுத்தித் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். முன்னால் தேய்த்தால் தண்ணீர் மேலேறி நிறம் திட்டுத்திட்டாகும், பின்னால் தேய்த்தால் பளபளப்பு வராது. அறையைக் கட்டங்களாகப் பிரிக்காமல் போட்டால் வெடிப்பும் வரும். அப்படித் தேய்க்கத் தெரிந்த கை இப்போது நம் பக்கத்தில் குறைந்துவிட்டது. செய்த தரையை நேரில் காட்டக்கூடிய ஆள் கிடைத்தால் ஒரு படுக்கையறைக்குத் தாராளமாகப் போடுங்கள். ஆள் தெரியாமல் செலவு குறைவு என்று மட்டும் இறங்க வேண்டாம்.


பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. குளியலறையில் கல் ஒட்டும் முன் நீர்க்கசிவுத் தடுப்பு அடித்து, வடிகாலை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் நிறுத்தி ஒரு முழுநாள் விடச் சொல்லுங்கள். மறுநாள் மட்டம் இறங்கியிருக்கிறதா, ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஈரம் தெரிகிறதா என்று நீங்களே போய்த் தொட்டுப் பாருங்கள். பெரிய குளியலறையை ஒட்டித்தான் ஆத்தாவின் அறை வரும் போலிருக்கிறது. அந்தச் சுவரில் கசிந்தால் அவர் அறைப் பூக்கல்லில்தான் உப்புப் பூக்கும்.


தேவகோட்டை வீடு எழுதியது:

ஆமாம் ஆச்சி, அந்தச் சுவரேதான். வரும் சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன், தண்ணீர் நிறுத்துவதை அன்றைக்கு வைத்து ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்துவிடுகிறேன். திங்கட்கிழமை ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போய்க் கல் சொல்லிவிடலாம் என்றிருக்கிறோம். கொத்தனார் அண்ணே, பதிக்கிற வேலைக்கு உங்களுக்கு நேரம் இருக்குமா என்று தனியாக எழுதியிருக்கிறேன், பாருங்கள்.